ஆருட்டக் கேக்கட்டும்

ஆணியின் நீளம் ஆறு அங்குலம். வாங்கி வந்தவர் அப்துல் ஸமட். நற்பிட்டிமுனையில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. மாவடிப்பள்ளி வட்டையில் பன்னிரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர், பேச்சில் சிக்கனம், கோபத்தில் தாராளம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஊரே சோற்றுக்கு ஓட, அவர் மட்டும் ஹாட்வெயார் கடைப் பக்கம் திரும்பினார். வீட்டுக்கு வரும்போது கூடவே சரீப் மேசனும் இருந்தான், சாட்சிக்கென்று பள்ளிவாசலில் பிடித்த மூன்று பேரும் இருந்தார்கள். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் மாதிரி ஐந்து பேரும் வாசலில் வரிசையாகச் செருப்பைக் கழற்றினார்கள்.

மருமகன் அஸ்கி அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தான்.

"எழும்பாதீங்க மருமகன், சாப்பிடுங்க. சின்ன வேல ஒண்டு" என்றார் மாமா. ஜும்ஆவுக்குப் போட்டிருந்த சேட்டைக் கழற்றி, எப்போதும் போலக் கதிரையின் முதுகில் போட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கஃபாப் படம் தொங்குகிற சுவருக்கு எதிர்ச்சுவர். அந்த ஹோலில் வேறெதுவும் தொங்கவில்லை.

"காக்கா, சீமெந்துச் சுவர் இது. ஆணி அடிச்சா வெடிக்கும். மெசினால ஓட்ட போட்டு இஸ்குறுப்புப் பூட்டுவம்" என்றான் சரீப்.

"இஸ்குறுப்பு வேணா. பாட்டுல ஆணியெண்டுதானே கிடக்கு? ஆணிதான்."

ஆறாவது அடியில் ஆணி இறங்கியது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்துப் பூச்சும் கழன்று மாபிள் தரையில் விழுந்து தூளானது. மாமா அதைச் சட்டை செய்யவில்லை. நெல்மூட்டை அறைக்குள் போய், இரண்டு வருடமாக அங்கே எலிக்குப் பயந்து கிடந்த கிட்டாரைப் பிறந்த பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து, வாரைப் பிடித்துத் தன் கையாலேயே மாட்டினார்.

"பாத்தீங்கதானே? இனி ஆரும் கேட்டா வாயால சொல்லுங்க. ஸமட்ட ஊட்டுல மருமகனுக்கு ஆணி அடிச்சிக் குடுத்தாச்சி." சாட்சிகள் தலையாட்டினார்கள். அவர் அஸ்கியின் பக்கம் திரும்பினார். "இனி அந்தப் பாட்டு வேணா மருமகன். படிக்கத் தேவல்ல. என்ன?"

"சரி மாமா" என்றான் அஸ்கி, வாய் நிறையச் சோற்றோடு.

வாயில் சோறு இருக்கும்போது கொடுக்கிற வாக்கு வாக்குத்தானா என்று அதற்குப் பிறகு அவன் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டான். வாக்குத்தான். அதிலும் அது மாமனார் வீட்டுச் சோறு.

குசினி வாசலில் மீன்கறிக் கோப்பையோடு நின்ற அவன் மனைவி றுஸ்னா ஆணியைப் பார்க்கவில்லை, கிட்டாரையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சீமெந்துத் தூளைத்தான் பார்த்தாள். கோப்பையை வைத்துவிட்டு விளக்குமாறோடு வந்து கூட்டி அள்ளிக்கொண்டு போனாள்.

ஒரு கிட்டாரை மாட்டுவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். அவர்களுக்கு இந்தக் கரையின் வழக்கம் தெரியாது. இங்கே வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த அன்றே வாப்பா கல் அடுக்கத் தொடங்கிவிடுவார். கட்டிய வீட்டை மகள் பெயருக்கு எழுதி, அதற்குள் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு, மீன் தலை உண்டு, முதல் கோப்பைத் தேத்தண்ணி உண்டு. சுவர் மட்டும் கிடையாது. பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்றால் அது அக்காவின், எங்கள் பேச்சில் ராத்தாவின், வீடாகிவிட்டிருக்கும். இதையெல்லாம் யாரும் குறையாகச் சொல்வதில்லை. மழை பெய்வதைக் குறை சொல்வார்களா?

அஸ்கி சொன்னான். அதுவும் பாட்டாகச் சொன்னான், அதுதான் வினை.

சாய்ந்தமருதில் பிறந்து, உயர்தரம் எழுதிய கையோடு கொழும்புக்கு பஸ் ஏறியவன் அவன். பன்னிரண்டு வருடம் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை. வயிற்றில் வெடிப்பு விழுந்த பழைய கிட்டார் ஒன்றை வாங்கினான். வயர் குத்தினால் உறுமும், குத்தாவிட்டால் முனகும். தம்பிலுவில் ஊர்க்காரன் தனுசன் அங்கேதான் கூட்டாளியானான். அவன் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு உடுக்கும் வைத்திருப்பான், எந்த நேரம் எதை அடிப்பான் என்று அவனுக்கே தெரியாது. இருவரும் சேர்ந்து வைத்த பெயர் 'மறுகா'. கொழும்பில் யாராவது அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தனுசன், "பிறகு சொல்லுறன்" என்பான். அதுதான் அர்த்தமும். கேட்டவர்களுக்குக் கடைசிவரை விளங்காது.

வெள்ளாமை வெட்டில் பெண்கள் ஒருத்திக்கொருத்தி எறிந்து விளையாடுகிற கவியின் நடையை எடுத்து, அதற்கு அடியில் கிட்டாரின் உறுமலைப் போட்டார்கள். ரொக் இசைக்காரர்கள் இது நாட்டுப்பாட்டு என்றார்கள். நாட்டுப்பாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் இது சத்தம் என்றார்கள். வானொலியில் ஒருவர், "இந்தப் பாஷை வெளியில எடுபடாது தம்பி" என்று தோளில் தட்டி அனுப்பினார். ஊரில் ஹறாம், மார்க்கத்துக்கு ஆகாது என்றார்கள். ஆக ஒரு விசயத்தில் எல்லாரும் ஒன்றுபட்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஒரு பெருநாளைக்கு அஸ்கி ஊருக்கு வந்தான். ராத்தா ஸாலிஹாவுக்குக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம். அவன் படுத்தெழும்பிய அறையில் மச்சானின் துணிகள். அவனுடைய உடுப்பெல்லாம் மடித்துப் பையில் போட்டு, பை குசினி மூலையில் தேங்காய்களுக்குப் பக்கத்தில். ஸாலிஹா அன்பாகத்தான் கேட்டாள்: "எத்தின நாளைக்கு வந்த தம்பி?" அந்த ஒரு கேள்வி போதும். திரும்பிப் போகிற பஸ்ஸில் பாட்டு வந்துவிட்டது.

உம்மாட ஊடெண்டா உள்ளால போகேலா
ராத்தாக்குக் குடுத்தாச்சி ராவுறங்க இடமில்ல
பொண்டாட்டி ஊட்டுல பொட்டிக்கும் இடமில்ல
ஆணியொண்டு அடிக்கத்தான் ஆருட்டக் கேக்கட்டும்?

இணையத்தில் போட்ட மூன்று கிழமையில் நாலு லட்சம் பேர் கேட்டார்கள். பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை ஆட்டோவெல்லாம் அதைத்தான் முழங்கியது. அது வரைக்கும் 'மறுகா' என்றால் யாரென்று கேட்டவர்கள், 'ஆணிப் பாட்டு அஸ்கி' என்றதும் எழுந்து கைகொடுத்தார்கள். பதினொரு பாட்டுக் கட்டியவனுக்கு ஒரு பாட்டில் பெயர்.

பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுப்பார்களா? யாரும் கொடுக்கவில்லை. நற்பிட்டிமுனையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற றுஸ்னா டீச்சர் மட்டும், ஆசிரியர் அறையில் யாரோ போனில் போட்ட அந்தப் பாட்டைக் கேட்டு, சிரித்துச் சிரித்துப் புரையேறி, "இவருக்கு ஒரு ஆணி அடிச்சிக் குடுக்கலாமே" என்றாளாம். பகிடி கதையாகி, கதை கல்யாணமானது. அவள் ஒரே மகள். மாமி சபியா உம்மாவுக்கு மாமியின் வாப்பா கட்டிய வீடு, அதே கையோடு றுஸ்னாவின் பெயருக்கு மாறியது. மாமாவும் மாமியும் பின்பக்கத்து இரண்டு அறைக்கு ஒதுங்கினார்கள். மருமகன் முன்பக்கத்துக்கு வந்தான். கிட்டார் நெல்மூட்டை அறைக்குப் போனது.

ஊர் சும்மா இருக்குமா? பாட்டு கல்யாணத்துக்கு முந்தியது என்பதெல்லாம் ஊருக்கு எதற்கு? மீன் சந்தையில், சலூனில், பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுழடியில், "என்ன ஸமட் காக்கா, மருமகனுக்கு ஆணி அடிக்க உட்டாச்சா?" இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர், அந்த வெள்ளிக்கிழமை எவனோ ஜும்ஆ முடிந்த கையோடு கேட்டதும் பொறுக்க முடியாமல் நேரே கடைக்குப் போய்விட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஆறு அங்குல ஆணி மட்டும் போதுமா என்ன?

சரி, ஆணி கிடைத்துவிட்டது. இனிப் பாட்டுக்காரன் சந்தோசமாக இருக்கவேண்டியதுதானே!

அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தான் அஸ்கி. கண் தானாக ஆணிக்குப் போனது. விரல் நரம்பில் நிற்கவில்லை. மூன்றாவது வரியில் 'இடமில்ல' என்று வருகிறது. இருக்கிறதே! அதோ மினுங்குகிறதே! வாய் கூசியது. வேறு பாட்டை எடுத்தான், அதுவும் இரண்டாம் வரியில் வழுக்கி விழுந்தது. இதற்கிடையில் ஆணி பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். மாமா அவர்களை உள்ளே அழைத்து, சுவரடியில் நிறுத்தி, போட்டோ எடுக்கவும் விட்டார். அஸ்கி கிட்டாரைத் திருப்பி மாட்டிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தான். கல்முனைச் சந்தி, சாய்ந்தமருதுக் கடற்கரை, காரைதீவு, திரும்பக் கல்முனை. எங்கும் இறங்கவில்லை. இறங்கி என்ன செய்வது என்று தெரியவில்லை. அடைகாக்க இடம் தேடுகிற கோழி மாதிரி அந்தக் கிழமை முழுக்க அலைந்தான்.

இதில் பெரிய கரைச்சல் என்னவென்றால், வருகிற சனிக்கிழமை கல்முனைக் கடற்கரைத் திடலில் அவனுடைய நிகழ்ச்சி இருந்தது. பதினாலு வருடப் பாட்டு வாழ்க்கையில் சொந்த ஊர்ப்பக்கம் அதுதான் முதல் மேடை. பள்ளிவாசல்காரர்களோடு மூன்று தரம் கதைத்து, பெண்களுக்குத் தனிப் பக்கம், ஆட்டம் கிடையாது, பொழுதுசாயும் மஹ்ரிப் பாங்குக்கு முன் எல்லாம் முடியவேண்டும் என்று ஒப்புக்கொண்டு வாங்கிய அனுமதி. கொழும்பிலிருந்து ஏற்பாட்டுக்காரப் பெண் ஒருத்தி கெமராக்காரர்களோடு வருகிறாள். நோர்வேயில் ஒரு பெரிய இசை விழாவுக்கு இலங்கையிலிருந்து ஒரு குழு. 'மறுகா' கடைசி இரண்டுக்குள் நின்றது.

செவ்வாய்க்கிழமை அவள் போன் எடுத்தாள். "அஸ்கி, மற்றப் பாட்டுகள் எல்லாம் சரி. ஆனா எங்களுக்கு வேணும் எண்டது ஆணிப் பாட்டுத்தான். உங்க ஊர்ச் சனம் உங்களோட சேர்ந்து பாடணும். அந்த வீடியோவை வச்சித்தான் அவங்க முடிவெடுப்பாங்க."

"அது இல்லாமச் செய்யேலாதா?"

"பகிடியா விடுறீங்க?" என்று அவள் சிரித்தாள்.

தனுசன் சிரிக்கவில்லை. "டேய் மச்சான், உனக்கு விசரா? நோர்வேடா! ஒரு பாட்டுப் படிச்சா பிளேன் ஏறலாம். மாமனாருக்கிட்டச் சொல்லு, இது தொழில் எண்டு. பதினாலு வருசம் உனக்குப் பின்னால தோல் கிழியக் கிழிய அடிச்சவன் நான். எனக்கும் ஒரு சொல்லு இருக்குத்தானே?"

இருந்தது. அதனால்தான் அஸ்கிக்குச் சோறு இறங்கவில்லை. பாடினால் மாமாவுக்குக் கொடுத்த வாக்குப் போகும், அந்த வாக்கோடு வீட்டில் தலைநிமிர்ந்து நடப்பதும் போகும். பாடாவிட்டால் தனுசனின் பதினாலு வருடம் போகும், தன்னுடையதும் போகும். எந்தப் பக்கம் புரண்டாலும் முள் குத்துகிற படுக்கை.

வியாழக்கிழமை கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போனான். வயலில் மாமாவுக்கு ஒரு வாடி இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர். வெள்ளாமை வெட்டி முடிந்த நேரம், அங்கே ஆள் இருக்காது, கத்திப் பாடிப் பார்க்கலாம், பாட்டு வாயில் நிற்கிறதா என்றாவது தெரிந்துவிடும் என்று நினைத்தான். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, தாம்போதிப் பாலத்தைக் கடந்து, வாய்க்கால் வரம்பில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினான். இரண்டு வருடத்தில் அந்த வாடிக்குள் அவன் காலடி வைத்ததில்லை. மாப்பிள்ளையை யார் வயலுக்குக் கூப்பிடுவார்கள்?

கதவைத் தள்ளினான். உள்ளே இருட்டுப் பழக ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு கண்டான்.

சுவர் முழுக்க ஆணி.

ஒன்றில் சேட்டு. ஒன்றில் தொழுகைத் தொப்பி. ஒன்றில் டோர்ச், ஒன்றில் பழைய றேடியோ, ஒன்றில் முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு ஆணியில் கறுப்பு வெள்ளைப் போட்டோ, வாப்பாவும் உம்மாவும் நடுவில் காற்சட்டை போட்ட சின்ன ஸமட்டுமாக. ஒன்றில் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டியில் வாங்கிய பதக்கம், நாடா மங்கிப்போய். எதுவும் மாட்டாத ஆணிகளும் இருந்தன, சும்மா அடித்து வைத்தவை. அஸ்கி எண்ணினான். இருபத்தி மூன்று.

நற்பிட்டிமுனை வீட்டில் மாமாவின் சேட்டு எங்கே தொங்குகிறது என்று யோசித்தான். கதிரையின் முதுகில். எப்போதும் கதிரையின் முதுகில். வேறெங்கும் கண்டதாக நினைவில்லை.

"ஆரது?" என்று வெளியே சத்தம். மாமாதான். மண்வெட்டியோடு நின்றார். மருமகனைக் கண்டு, அவன் பார்த்துக்கொண்டிருந்த சுவரைக் கண்டு, முகம் கறுத்தது. அவர் கத்தப் போகிறார் என்று அஸ்கி தயாரானான். அவர் கத்தவில்லை. மண்வெட்டியைச் சாத்திவிட்டு நிலையில் உட்கார்ந்தார்.

"கண்டுட்டீங்க" என்றார்.

"மாமா, நான் சும்மா…"

"அந்தப் பாட்டு வந்த நேரம் நீங்க ஆரெண்டே எனக்குத் தெரியா. வயல் கூட்டத்துல வட்ட விதான போன்ல போட்டுக் காட்டினாரு. எல்லாரும் சிரிச்ச. எனக்கு வேர்த்துப் போச்சி. ஆரோ இந்த வாடிக்குள்ள வந்து பாத்துட்டுப் போய் எழுதின மாதிரிக் கிடந்திச்சி." வரப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முப்பத்தெட்டு வருசம் மருமகன். அந்த ஊட்டுல நான் ஒரு ஆணி அடிக்கல்ல. ஆரும் அடிக்க வேணாமெண்டு சொல்லல்ல. சபியா நல்ல பொம்புள. கேட்டிருந்தா ஓமெண்டுதான் சொல்லியிருப்பாள்."

"மறுகா ஏன் கேக்கல்ல?"

"வெக்கம்" என்றார் அப்துல் ஸமட். பன்னிரண்டு ஏக்கர் செய்கிறவர், வயலுக்குள் யானை இறங்கினால் பந்தத்தோடு முன்னுக்கு ஓடுகிறவர். "ஒரு ஆணிக்குப் போய் பொம்புளக்கிட்ட எப்பிடிக் கேக்கிற? கேக்காமக் கேக்காம, மறுகா கேக்கவே ஏலாமப் போச்சி. இப்ப ஊரு நெனக்கிது, பாட்டு உங்களப் பத்தியெண்டு. ஊருக்கு முன்னால மேடையில நிண்டு நீங்க படிக்க, நான் கீழ இருக்க, ஆரும் ஒருத்தன் என்ட மூஞ்சப் பாத்தானெண்டா விளங்கிரும். அதான் வேணாமெண்ட. வேறொண்டுமில்ல."

அஸ்கி கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. இருவரும் ஒரு போத்தல் தண்ணீரைப் பங்கிட்டுக் குடித்தார்கள். வரும் வழியெல்லாம் அவனுக்குத் தன் மேல்தான் எரிச்சல் வந்தது. தன் துக்கம் ஒரு பெருநாள் துக்கம். நாலு வரியாக்கி, கைதட்டு வாங்கி, பெயரும் எடுத்தாயிற்று. இந்த மனிதர் முப்பத்தெட்டு வருடத்தை ஒரு பலகைச் சுவரில் அடித்து வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் றுஸ்னா ஹோலில் நின்றாள். பரீட்சைத் தாள்களை மேசையில் போட்டுவிட்டு, ஆணியடியில் பூச்சுக் கழன்ற இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்: "வாப்பா சண்ட புடிச்சாரா?"

"இல்ல."

"அவரு படிக்க வேணாமெங்கிறாரு. தனுசன் அண்ணன் படியெங்கிறாரு. நீங்க ஒரு கிழமையா பெற்றோலக் குடிச்சிக்கிட்டுத் திரியிறீங்க. ஆணிய நடுவுல வெச்சி ஊருலகமெல்லாம் கதைக்கிது." அவளுக்குக் குரல் உயர்ந்தது. "இது ஆருட சுவரு?"

அஸ்கி சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்க, ஆருட சுவரு? என்ட சுவரு! வாப்பா அஞ்சாறு பேரக் கூட்டி வந்து உடைச்சாரு. நீங்க சோத்தத் திண்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஆரும் என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? பாட்டுல மட்டும் பெரிய கேள்வி, ஆருட்டக் கேக்கட்டும், ஆருட்டக் கேக்கட்டும் எண்டு. ரெண்டு வருசமா இந்தக் குசினிக்குள்ளதானே நிக்கிறன்!"

சொல்லிவிட்டுத் தாள்களை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நாலு லட்சம் பேர் கேட்ட கேள்வி. பதில் இத்தனை நாளும் மீன் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் ஒன்றாக வெளியே விட வழி தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் திடல் நிரம்பியது. முன்னுக்குப் பொடியன்கள், இடப்பக்கம் பெண்கள், பின்னுக்குக் கதிரைகளில் வயதாளிகள். கடல் காற்று மைக்கில் ஏறி ஊதியது. கடைசி வரிசை ஓரத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு மாமா. வரமாட்டார் என்று அஸ்கி நினைத்திருந்தான். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்கும் அல்லவா? அதற்காக வந்திருந்தார்.

ஏழு பாட்டுப் பாடினான். நல்லாத்தான் போனது. தனுசன் உடுக்கை எடுத்த நேரம் பெண்கள் பக்கத்திலிருந்தே கைதட்டல் வந்தது. ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் முன்வரிசை ஒரே சொல்லைத்தான் கத்தியது: "ஆணி! ஆணி!" ஏற்பாட்டுக்காரப் பெண் கெமராவுக்குப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். பாங்குக்கு எட்டு நிமிடம். தனுசன் அவன் முகத்தைப் பார்க்காமலே, யாரையும் கேட்காமல், ஆணிப் பாட்டின் அடியைத் தொடங்கிவிட்டான். தும் தக, தும் தக.

திடல் கொதித்தது. அஸ்கியின் விரலும் நரம்பில் தானாக விழுந்தது. பழகிய விரல், அது யாரைக் கேட்கும்? மைக்குக் கிட்ட வந்தான். வாயைத் திறந்தான். கடைசி வரிசையில் வெள்ளைச் சேட்டு குனிந்து காலடி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாயை மூடினான். கையால் நரம்புகளைப் பொத்தினான். "மன்னிச்சிக்கங்க" என்றான் மைக்கில். "இந்தப் பாட்ட நான் படிக்க ஏலா. வாக்குக் குடுத்திட்டன்."

திடலில் ஊளை கிளம்பியது. முன்வரிசையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்து வந்தது. தனுசன் மட்டும் அடியை நிறுத்தவில்லை. கோபத்தில் அடித்தானோ, நிறுத்த மறந்தானோ.

அப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கரகரத்த குரல், சுருதி எங்கோ, தாளம் எங்கோ. "உம்மாட ஊடெண்டா…" அஸ்கி எட்டிப் பார்த்தான். சரீப் மேசன்! ஊரில் பாதி வீட்டுச் சுவர் அவன் எழுப்பியது. ஐம்பத்தைந்து வயதில் கதிரையில் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான். இரண்டாவது வரிக்கு ஹாட்வெயார் கடைக்காரர் சேர்ந்தார். பிறகு வயற்காரர்களின் தலைவர் வட்ட விதானை. பிறகு அந்த வெள்ளிக்கிழமைச் சாட்சிகள் மூன்று பேரும். ஒவ்வொரு கதிரையாக எழும்பியது. வழுக்கைத் தலைகள், மருதாணித் தாடிகள், பேரப்பிள்ளை கண்டவர்கள். பொடியன்கள் கத்துவதை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணம் கட்டாதவர்களின் பகிடிப் பாட்டு என்றுதான் அஸ்கி இத்தனை நாளும் நினைத்திருந்தான். இவர்கள் பகிடிக்குப் பாடவில்லை. மூன்றாவது வரி வந்தபோது ஒருவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

மாமா தலையை நிமிர்த்தி இடமும் வலமும் பார்த்தார். ஆளுக்கு ஆள் பார்த்தார். எல்லாருக்கும் எங்கோ ஒரு வாடி இருந்திருக்கிறது. நாலாவது வரிக்கு அவருடைய உதடும் அசைந்தது.

ஆருட்டக் கேக்கட்டும், ஆருட்டக் கேக்கட்டும் என்று கிழவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க, பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கையைக் குழலாக்கி வாயில் வைத்துக் கத்தினாள்: "எங்களிட்டத்தான் கேளுங்களன்!" அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. யார் என்று மேடையிலிருந்து தெரியவில்லை. றுஸ்னாவின் குரல் போலவும் இருந்தது, ஸாலிஹா ராத்தாவின் குரல் போலவும் இருந்தது. அதற்குள் பாங்கு சொல்லிவிட்டது.

ஏற்பாட்டுக்காரப் பெண் வயர்களைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "நல்ல சீன்தான் அஸ்கி. ஆனா பாடகர் பாடாம நிக்கிறதை வச்சி ஒரு பாடகரை எப்படி அனுப்புறது?" நோர்வேக்கு மற்றக் குழுதான் போனது. தனுசன் உடுக்கைப் பையில் போட்டான், சிப்பை இழுத்தான். "உன்னோட கதைக்க எனக்கு ஒரு மாசமாகும்" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றி முப்பத்தோராம் நாள் போன் எடுத்தான். ஆனால் அது பிந்திய கதை. அன்று அஸ்கிக்கு மேடை காலியாகக் கிடந்ததும், கையிலிருந்து பிளேன் நழுவிப் போனதும்தான் தெரிந்தது. வலித்தது. இல்லையென்று பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கிட்டாரை ஆணியில் மாட்டினான். றுஸ்னா தேத்தண்ணி கொண்டுவந்தாள். முதல் கோப்பை அவனுக்கு.

"றுஸ்னா, ஒண்டு கேக்கட்டா?"

"ம்."

"ஒரு ஆணி அடிக்கணும்."

"அதான் ஒண்டு கிடக்கே! சுவர முழுசா இடிக்கப் போறீங்களா?"

"எனக்கில்ல. மாமாக்கு. சேட்டுக் கொழுவ."

றுஸ்னா கதிரையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த கதிரை, பிறந்ததிலிருந்து பார்த்த சேட்டு. முதன்முறையாகப் பார்ப்பவள் போல வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்க அவள் முயலவில்லை.

"அடிக்கலாம்" என்றாள். "ஆனா நீங்க கேக்கப்புடா. அவரு வந்து கேக்கணும்."

மஹ்ரிப் தொழுதுவிட்டு மாமா படியேறினார். செருப்பைக் கழற்றினார். சேட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே ஹோலுக்குள் வந்தவர், கதிரை இருந்த இடத்தில் கதிரை இல்லாததைக் கண்டார். றுஸ்னா அதைக் குசினிக்குள் இழுத்து வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேட்டைக் கையில் பிடித்தபடி அவர் சுவரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். அஸ்கி தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். பின்னறையிலிருந்து சபியா உம்மாவும் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தொண்டையை இரண்டு தரம் செருமினார் அப்துல் ஸமட்.

"மகள்" என்றார். "உன்னட்ட ஒண்டு கேக்கணும்."